பிக்சல் ஆசாரம்

ரசிகர்களே கூடி எழுதும் இணையக் கலைக்களஞ்சியமான ரசிகர் விக்கிக்குப் படம் கொண்டுவந்திருக்கும் புதியவரே, வருக. உங்களுக்கு உயிரான ஒரு தொடரில், ஒரே காட்சியில் வந்து இரண்டு வரி பேசிவிட்டுச் செத்துப்போகிறான் ஒரு காவலாளி. அவன் பக்கத்தில் படமே இல்லையே என்று மனசு கேட்காமல், ராத்திரி கண்விழித்து ஒன்றை எடுத்து ஏற்றினீர்கள். விடிந்து பார்த்தால் படம் போயிருந்தது. உங்கள் பேச்சுப் பக்கத்தில் சிவப்புச் சட்டம் போட்டு ஓர் எச்சரிக்கை: தரக் கொள்கை மீறல். உழைப்புக்கு ஒரு நன்றி சொல்லக்கூடாதா என்கிறீர்களா? அதற்கு எடுத்து ஒட்டத் தயாரான வார்ப்புரு இல்லை.

கவலைப்படாதீர்கள், கொள்கையை நானே சொல்லித் தருகிறேன். அதில் முக்கால்வாசி நியாயமானது. எரிச்சலே அதில்தான் இருக்கிறது.

டிவியைச் செல்பேசியால் படம்பிடித்து ஏற்றாதீர்கள். மாவீரனின் மார்புக் கவசத்தில் உங்கள் வீட்டு டியூப்லைட் எரிகிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மவுஸ் அம்பு, சப்டைட்டில், சேனல் முத்திரை, பேட்டரி 7 சதவீதம் என்ற துயரச் செய்தி எல்லாவற்றையும் சேர்த்து எடுக்காதீர்கள். இவை எதுவும் கதையில் வருவதில்லை. வி.எல்.சி. மாதிரியான பிளேயரில் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்த முடியும், முழு அளவில் படம் எடுக்கவும் அதிலேயே வசதி உண்டு. நாயகி கண்ணை மூடி வாயைக் கோணிய நொடியில்தான் உங்கள் விரல் நிற்கும். இரண்டு ஃபிரேம் தள்ளிப் போங்கள்.

அடுத்தது ஜேபெக் என்ற பட வடிவம். அது படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாக வெட்டி, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுணுக்கங்களைத் தூக்கியெறிந்துவிடுகிறது. புகைப்படத்துக்கு அது போதும். கார்ட்டூன் கோட்டையும் விளையாட்டின் மெனு எழுத்தையும் அதில் போட்டால் ஓரமெல்லாம் கொசு மொய்த்ததுபோல் அழுக்குப் படியும். திறந்து சேமிக்கும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் போகும். ஆகவே எதையும் தூக்கியெறியாத பிஎன்ஜி வடிவத்தைக் கேட்கிறார்கள், சரியாகவே கேட்கிறார்கள். உடனே நீங்கள் பழைய ஜேபெக்கையே திறந்து பிஎன்ஜி என்று சேமித்து ஏற்றினீர்கள் பாருங்கள், போனது ஒன்றும் திரும்பி வரவில்லை. கோப்பு மட்டும் பருத்தது. அதற்கும் நீங்கள் வைத்த பெயர் 'புதியது2இறுதி'.

நீள அகல விகிதம் வேறு இருக்கிறது. பழைய அமெரிக்கத் தொடர்களின் டிவிடியில் ஃபிரேம் 720க்கு 480. ஆனால் அந்த பிக்சல்கள் சதுரமில்லை. திருத்தாமல் எடுத்தால் விண்கலத்துத் தளபதி விருந்து சாப்பிட்டவர் மாதிரி அகன்று நிற்பார்.

இனி உங்கள் படத்தை நீக்கிய அட்மினிடம் வருவோம். அவர் 1920க்கு 1080 கேட்பார், அதற்குக் கீழே தொடவே மாட்டார். ஆனால் எல்லாத் தொடரும் அந்த அளவில் கிடைப்பதில்லை. ஸ்டார் டிரெக் வரிசையில் 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' 35 மி.மீ. ஃபிலிமில் எடுக்கப்பட்டு வீடியோ டேப்பில் தொகுக்கப்பட்டது. 2012 முதல் அந்த நெகட்டிவை மறுபடி ஸ்கேன் செய்து, உயர்தரத்தில் புதிதாகவே தொகுத்து வெளியிட்டார்கள். அதற்குப் பின் வந்த 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடருக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை, டிவிடி தரம்தான் கதி. இப்போது எல்லாத் தொடருக்கும் ஒரே அளவுகோலை நீட்டினால் புதியவர் என்ன செய்வார்? செயற்கை நுண்ணறிவிடம் போவார். அது அந்த மங்கல் உருவத்துக்கு இல்லாத சுருக்கம், இல்லாத பல், இல்லாத ஆறாவது விரல் எல்லாம் வைத்துப் பளபளவென்று திருப்பித் தரும். ஒளிப்பதிவாளர் எடுக்காத, நடிகருக்குச் சொந்தமில்லாத அந்த முகம் கலைக்களஞ்சியத்தில் ஏறும். பிறகு அதையும் பிடித்து, போலி என்று நீக்கி, இன்னொரு சிவப்புச் சட்டம் போடுவார் அதே அட்மின். இல்லாத பிக்சலைக் கேட்டு நின்றவர் யார் என்று மட்டும் எந்தப் பேச்சுப் பக்கத்திலும் பதிவாகாது.

இன்னொரு வேடிக்கை. இதே ஸ்கிரீன்ஷாட்டை ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏற்றிப் பாருங்கள். அடுத்தவர் காப்புரிமையில் உள்ள படம், நியாயப் பயன்பாட்டுக்குச் சிறிதாக இருந்தால் போதும் என்று சொல்லி, சுமார் ஒரு லட்சம் பிக்சலுக்குள் பாட் என்ற தானியங்கி நிரல் ஒன்று வந்து அதைச் சுருக்கிவிடும். ரசிகர் விக்கி கேட்பது ஏறக்குறைய இருபத்தொரு லட்சம். பொருள் ஒன்றுதான், உரிமையாளரும் ஒருவர்தான். அங்கே பெரிதாக இருப்பது குற்றம், இங்கே சிறிதாக இருப்பது குற்றம். இரண்டு இடத்திலும் திட்டு வாங்குபவர் நீங்கள்.

சரி, எல்லாம் கற்றுக்கொண்டு தேறிவிட்டீர்கள். குளித்து முழுகிச் சுத்தமான பிஎன்ஜியைக் கொண்டுவந்து வைத்தாயிற்று. அந்தப் படம் இனி எங்கே போகிறது தெரியுமா?

பெரும்பாலான ரசிகர் விக்கிகளுக்கு இடம் கொடுப்பது ஃபேண்டம் என்ற நிறுவனம். விக்கிப்பீடியாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸும் ஏஞ்சலா பீஸ்லியும் 2004இல் ஆரம்பித்தது. 2018இல் டிபிஜி என்ற முதலீட்டுக் குழுமத்தின் கைக்குப் போனது. அதே ஆண்டு கேம்பீடியா என்ற விளையாட்டு விக்கிகளின் தொகுப்பையும் வாங்கிப் போட்டுக்கொண்டது. நீங்கள் ஏற்றிய பிஎன்ஜியை அதன் சர்வர் வாசகருக்கு அப்படியே அனுப்புவதில்லை, வெப்-பி வடிவத்துக்கு மாற்றித்தான் அனுப்புகிறது. அதைச் சேமித்து மறுபடி ஏற்றும் அப்பாவிக்குத்தான் தரக்குறைவு என்று தண்டனை. பக்கத்தின் தலையில், எழுதியவர் யாரும் கேட்காத ஒரு வீடியோ தானாக ஓடும். பக்கவாட்டில் ஒரு விளம்பரம், கீழே ஒட்டிக்கொண்டு நகராத இன்னொன்று. செல்பேசியில் திறந்தால் உங்கள் இருபத்தொரு லட்சம் பிக்சல் இரண்டு விளம்பரங்களுக்கு நடுவே தபால்தலை அளவில் மூச்சுத்திணறும்.

2023இல் மெக்டொனால்ட்ஸ் பற்றிய விக்கியில் கிரிமேஸ் என்ற ஊதாப் பூதத்தின் பக்கத்தையே விளம்பரமாக மாற்றி வைத்தார்கள். அதை எழுதிய ரசிகர்களைக் கேட்டுச் செய்ததல்ல. அதற்கு எந்த அட்மின் தரக் கொள்கை வார்ப்புருவை ஒட்டுவார்? காலில் தூசி இருக்கிறது என்று பக்தனை வாசலிலேயே விரட்டும் கோயிலில், கர்ப்பகிரகத்தைச் செருப்புக் கடைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்.

என் கோபம் கம்பெனி மேல் பாதிதான். லாபத்துக்கு வந்தவன் லாபம் பார்க்கிறான். மீதிப் பாதி அந்த அட்மின் மேல். அவருக்கும் சம்பளம் கிடையாது. அவரும் ஒருநாள் டியூப்லைட் மின்னும் படத்தோடு உள்ளே வந்தவர்தான். நாற்பது பிக்சல் குறைவதை அர்த்தராத்திரியில் மோப்பம் பிடிக்கத் தெரிகிறது அவருக்கு. பாதிப் பக்கத்தை விளம்பரம் விழுங்கியது மட்டும் கண்ணில் படுவதில்லை. மேலே கேட்கத் துணிவில்லாத வாய்க்குக் கீழே ஒரு புதியவர் கிடைத்தால் போதும், அதிகாரம் பொத்துக்கொண்டு வந்துவிடுகிறது. படத்தை நீக்காமல் விட்டுவைத்து, 'இதைவிட நல்ல பிரதி ப்ளூ-ரேயில் இருக்கிறது, இப்படி எடுங்கள்' என்று ஒரு வரி எழுத எத்தனை நேரம் பிடிக்கும்? வார்ப்புருவைத் தேடி ஒட்டும் நேரம்கூட ஆகாது.

துணிந்தவர்களும் இருக்கிறார்கள். ரூன்ஸ்கேப் விளையாட்டின் விக்கிக்காரர்கள் 2018இல் ஃபேண்டத்தை விட்டு மூட்டை கட்டினார்கள், மைன்கிராஃப்ட் விக்கிக்காரர்கள் 2023இல். எழுத்து திறந்த உரிமத்தில் இருந்ததால் அத்தனையையும் எடுத்துக்கொண்டு போக முடிந்தது. ஆனால் பழைய விக்கியைக் கம்பெனி மூடுவதில்லை. எழுதிய ஆட்கள் போன பிறகும், தேடுகிற குழந்தையின் கண்ணில் அது விளம்பரத்தோடு வந்து விழுகிறது. அங்கே இருக்கும் படங்களும் அந்த ஆட்கள் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி எடுத்தவைதான்.

நீங்களும் தர விதிகளைக் கற்றுக்கொள்ளுங்கள், அவை உங்களுக்கு உதவும். கற்று முடித்ததும் கொள்கைப் பக்கத்துக்குப் போய்க் கடைசியில் ஒரு வரி சேர்த்துப் பாருங்கள்: 'படத்தை மறைக்கும் விளம்பரமும் முன்னறிவிப்பின்றி நீக்கப்படும்.' அட்மினுக்கு வேகமாக வேலை பார்க்கத் தெரியாது என்று நினைத்திருந்தால், அன்றைக்குத் தெரிந்துகொள்வீர்கள்.