இரண்டரை வெள்ளி எண்ணெயும் இருநூறு வெள்ளிப் பெட்டியும்

பெறுநர்: உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு, புத்ராஜெயா
நகல்: சுகாதார அமைச்சு, அதே புத்ராஜெயா
பொருள்: சட்டி பானைகளுக்கும் தங்கள் கடைக்கண் பார்வை வேண்டுதல்

மாட்சிமை பொருந்திய அமைச்சுக்கு, கேமரன் மலையின் ரிங்லெட்டிலிருந்து எழுதுகிறேன்.

ஒரு கிலோ பாக்கெட் எண்ணெயை 2 வெள்ளி 50 காசில் கட்டிப்போட்டு வைத்திருக்கும் தங்கள் கருணையை முதலில் போற்றிவிட வேண்டும். உலகச் சந்தையில் பாமாயில் ஏறும், இறங்கும். தங்கள் பாக்கெட் மட்டும் அசையாது. ஒரு கிராம் எண்ணெயில் ஒன்பது கலோரி, ஆகவே இரண்டரை வெள்ளிக்கு 9,000 கலோரி. பத்துக் கிலோ 26 வெள்ளி என்று தாங்கள் நிர்ணயித்த உள்ளூர் வெள்ளரிசியில் அதே காசைப் போட்டால் மூவாயிரத்து ஐந்நூறு தேறுவதே அரிது. தக்காளியிலும் முட்டைக்கோஸிலும் போட்டால் கணக்குப் பார்க்கவே கூச்சமாக இருக்கும், அவை விளைவது பக்கத்துப் பெர்த்தாம் பள்ளத்தாக்கில்தான் என்றாலும். மாதந்தோறும் தாங்கள் ஒதுக்குவது 60,000 டன். பாக்கெட் கணக்கில் ஆறு கோடி. நாட்டிலுள்ள ஏறத்தாழ மூன்று கோடியே நாற்பது லட்சம் பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு ஒன்றேமுக்கால் கிலோ. நாளைக்கு 58 கிராம். மலேசியருக்கான ஊட்டச்சத்துப் பரிந்துரையோ, உண்ணும் கலோரியில் கொழுப்பின் பங்கு 25 முதல் 30 விழுக்காடு இருக்கட்டும் என்கிறது. நாளைக்கு 2,000 கலோரி உண்பவருக்கு அது மிஞ்சிப்போனால் 67 கிராம். அந்த 67-இல் 58-ஐத் தங்கள் பாக்கெட்டே நிரப்பிவிடுவதால், தேங்காய்ப்பால், கோழி, முட்டை, நெத்திலி எல்லாம் எஞ்சிய ஒன்பது கிராமுக்குள் ஒடுங்கி உட்கார வேண்டியிருக்கிறது. இந்த எண்ணெய் முழுதும் வீட்டு அடுப்புக்கு வருவதில்லை, கடைகளுக்கும் எல்லைக்கு அப்பாலும் கசிகிறது என்று தாங்கள் சொல்லக்கூடும். உண்மைதான், தங்கள் அமலாக்க அதிகாரிகளே அவ்வப்போது பிடித்துக் காட்டுகிறார்கள். ஆனால் கடையில் பொரிந்ததும் கடைசியில் நம் வயிற்றுக்குத்தான் வருகிறது. எல்லை தாண்டிய எண்ணெய் ஒன்றுதான் மலேசியரின் இரத்தக் குழாய்க்கு நன்மை செய்தது.

தாங்கள் இரண்டாவது பிரிசிண்டில் இருந்துகொண்டு எண்ணெயை மலிவாக்க, முதலாவது பிரிசிண்டில் இருக்கும் சுகாதார அமைச்சு எண்ணெயைக் குறைக்கச் சொல்கிறது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது இறைச்சி, பாதி காய்கறி பழம் என்று அது படம் போட்டு விளக்குகிறது. படம் அழகாகவே இருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய்க்கணிப்பு ஆய்வில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள், 33.3 விழுக்காட்டினருக்குக் கொழுப்புச்சத்து அதிகம், 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. அரசின் இரு கைகளும் ஒன்றையொன்று பார்க்காமல் இருப்பது இது முதல் முறையும் அல்ல. சீனியின் விலையை ஒரு கை பிடித்து வைத்திருக்கிறது, 2019 ஜூலை முதல் இனிப்புப் பானத்துக்கு இன்னொரு கை கலால் வரி போடுகிறது. வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்ற தர்மத்தை இவ்வளவு கறாராகக் கடைப்பிடிக்கும் நிர்வாகம் எளிதில் அமையாது.

இரண்டு அமைச்சுகளுக்கும் நடுவே இருந்த இந்தச் சந்தில்தான் ஏர் ஃபிரையர் புகுந்தது. 2010-இல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய பெட்டி, இன்று எல்லாப் பெயரிலும் எல்லா விலையிலும் கிடைக்கிறது. "எண்ணெயைக் குறை" என்ற அறிவுரை வீட்டுக்கு வந்து சேரும்போது "ஏர் ஃபிரையர் வாங்கு" என்று ஆகிவிடுகிறது. அறிவுரை சொன்னவருக்குச் செலவில்லை, கேட்டவருக்குத்தான் செலவு. கருவி பொல்லாதது என்பது என் வாதமில்லை. உள்ளே ஒரு சூட்டுக்கம்பி, ஒரு விசிறி. 180, 200 பாகைக் காற்றைச் சுழற்றி அடிக்கும் சின்ன அடுப்பு அது. தோலோடு கோழித்தொடை, மசாலா தடவிய மீன், சேனைக்கிழங்கு வறுவல் எல்லாம் அதில் நன்றாக வரும். கருவாட்டை அதில் வைத்தால் லயத்து வீட்டில் புகை மண்டாது. ஆனால் எண்ணெய், காற்றைவிடப் பலமடங்கு விரைவாகச் சூட்டைப் பொருளுக்குள் இறக்குவது. அதனால்தான் பஜ்ஜி மாவு எண்ணெயில் விழுந்த கணத்திலேயே உறைந்து ஓடு கட்டிக்கொள்கிறது. காற்றில் அது உறைவதற்குள் கூடையின் துளை வழியே ஒழுகி, அடித்தட்டில் தனியாக ஒரு தோசை வார்த்துக்கொள்ளும். உளுந்து வடைக்கும் அதே கதி. அப்பளமோ காற்றில் எழும்பிச் சூட்டுக்கம்பியைத் தரிசிக்கப் போய்விடும். மலைச்சாரலில் மாலை மழைக்கும் தேநீருக்கும் துணையாக இருப்பவற்றில் பாதியை இந்தப் பெட்டி ஏற்காது. அது மனமார ஏற்றுக்கொள்வது உறைபதன நக்கெட்டையும் உருளைக்கிழங்குத் துண்டையும்தான். அவற்றில் பெரும்பாலானவை தொழிற்சாலையிலேயே ஒரு முறை எண்ணெயில் குளித்து வந்தவை. "ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல்" என்பதற்கு அங்கே பொருள், எண்ணெய்ச் செலவு வேறொருவர் கணக்கில் எழுதப்பட்டது என்பதே.

சிக்கன வாதத்தையும் தங்கள் மேசையில் வைத்தே பார்த்துவிடலாம். 1,500 வாட் பெட்டி இருபது நிமிடம் ஓடினால் அரை யூனிட். மாதம் 200 யூனிட்டுக்குள் எரிக்கும் வீட்டுக்கு, 2025 ஜூலைக் கட்டணத்தில் ஊக்கத்தொகை கழித்து யூனிட் ஏறத்தாழ 20 காசு. ஆக ஒரு பொரியலுக்குப் பத்துக் காசு. கேஸ் கிலோ 1 வெள்ளி 90 காசு என்று தாங்களே நிறுத்தியிருக்கிறீர்கள். நடுத்தரத் தீயில் இருபது நிமிடத்துக்கு 60 கிராம் எரிந்தாலும் செலவு பதினோரு காசு. இரண்டும் ஒன்றுதான். (ரிங்லெட் ஏரித் தண்ணீரைச் சுரங்க வழியே கீழே இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள் என்பதற்காக ரிங்லெட்டுக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை.) மிஞ்சுவது எண்ணெய்ச் சேமிப்பு. பெட்டியின் விலை 200 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், தங்கள் விலையில் அது 80 கிலோ எண்ணெய். எண்பது கிலோவை மிச்சம் பிடித்த பிறகுதான் முதல் வந்து சேரும். மாதம் இரண்டு கிலோ வாங்கும் குடும்பம் எண்ணெயை அடியோடு விட்டாலும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் கூடையின் பூச்சு உரிந்திருக்கும். எண்ணெயைக் குறைப்பவர் பணம் கட்ட வேண்டும், ஊற்றுபவருக்கு மானியம் என்ற இந்த ஏற்பாட்டைத் தாங்கள் வேண்டுமென்றே செய்ததாக யாரும் குற்றம் சாட்டவில்லை. அது தானாக அமைந்த அழகு.

என் கேள்வி அந்தப் பெட்டியைத் தாண்டியது. உணவு விலையிலும் எரிபொருள் விலையிலும் இவ்வளவு அக்கறை காட்டும் அமைச்சு, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சட்டியை ஏன் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை? எண்ணெய் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும், கேஸ் தோம்பு இரண்டு மாதம் வரும், ஒரு நல்ல இரும்புச் சட்டியோ பேரப்பிள்ளை கைக்குப் போகும். ஒரு வீடு எவ்வளவு எண்ணெய் ஊற்றுகிறது, எவ்வளவு கேஸ் எரிக்கிறது என்பதையெல்லாம் பெரிதும் முடிவு செய்வது அதுவே. அடி மெல்லிய சட்டியில் மசாலா பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டால் கை தானாக எண்ணெயைத் தேடிப் போகும். கனமான, பழக்கிய இரும்புச் சட்டியிலோ தோசைக்கல்லிலோ ஒரு கரண்டி எண்ணெயில் நெத்திலியும் முருங்கைக்கீரையும் முடிந்துவிடும். ஆழக் குழிந்த சட்டி நிறைய ஊற்றிப் பொரிப்பதைவிட, குறைவாக ஊற்றித் தட்டையாக வாட்டியெடுப்பதே பெரும்பாலான வீட்டுச் சமையலுக்குப் போதும், மீனுக்கும் கட்லெட்டுக்கும் நிச்சயமாகப் போதும். மேலும், ரிங்லெட் ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர். இங்கே தண்ணீர் 96 பாகைக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது, கேஸ்தான் தீரும். கிள்ளானில் வேகும் நேரத்தில் இங்கே பருப்பு வேகாது. பிரஷர் குக்கர் இருந்தால் உள்ளே 120 பாகையை ஒட்டிப் போகும், கடலையும் கொண்டைக்கடலையும் பாதிக்கும் குறைவான நேரத்தில் மசியும். மலைக்காரருக்கு முதலில் தேவைப்படும் கருவி விசில் அடிக்கும் இந்தப் பழைய பாத்திரம். ஆனால் விசிறி சுழலும் பெட்டிக்குக் கிடைக்கும் விளம்பரத்தில் ஒரு துளி இதற்குக் கிடைப்பதில்லை.

உலோகத்தின் கதை இன்னும் கனமானது. 2019-ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில், குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் 29.9 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை. எத்தியோப்பியாவில், அலுமினியப் பாத்திரத்தில் சமைத்த வீடுகளைவிட இரும்புப் பாத்திரத்தில் சமைத்த வீடுகளின் குழந்தைகளுக்கு இரத்தம் கூடியதை 1999-இல் லான்செட் இதழ் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இரும்புச் சட்டி மருந்தாகிவிடாது. துருவைத் துடைக்க வேண்டும், புளிக்குழம்பை அதிலேயே இராத்திரி முழுக்க விட்டுவைத்தால் கறுத்துவிடும். இருந்தாலும் மாத்திரையை மறக்கும் வீட்டிலும் சட்டியை மறக்க முடியாது. மறுபக்கத்தில், இண்டாலியம் என்று நம் வீடுகளில் பேர் வழங்கும் அலுமினியக் கலவை. 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், இறக்குமதியான சில அலுமினிய, பித்தளை, இண்டாலியப் பாத்திரங்களிலிருந்து காரீயம் உணவில் இறங்கக்கூடும் என்று பொதுமக்களை எச்சரித்தது. காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது, அதிலும் குழந்தைகளுக்கு. எல்லா இண்டாலியமும் விஷம் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம்; எது நல்லது, எது கெட்டது என்று வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை என்பதுதான் சிக்கல். பசார் மாலாமில் அடுக்கி வைத்த சட்டியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் ஓர் அளவு எண் இருக்கும், அவ்வளவுதான். ஒட்டாத பூச்சுச் சட்டிக்கு இந்தப் பயம் வேறு வகை: 200 பாகையைத் தாண்டாத ஏர் ஃபிரையர் பெட்டிக்குள் அந்தப் பூச்சு அடக்கமாக இருக்கும், கேஸ் தீயில் வெறுஞ்சட்டியாக மறந்துவிட்டால் 260-ஐத் தாண்டிச் சிதையத் தொடங்கும். இதையும் யாரும் சட்டியில் எழுதிக் கொடுப்பதில்லை.

இதெல்லாம் எங்கள் அதிகாரத்துக்குள் வராது என்று தாங்கள் கைவிரிக்க முடியாதபடி ஒரு சான்று இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருள்களுக்குப் பாதுகாப்புத் தரம் விதிக்கும் உரிமையைத் தங்களுக்குத் தருகிறது. அதைக் கொண்டுதான் 2009-இல் விளையாட்டுப் பொருள்களுக்கு விதி கொண்டுவந்து, பாதுகாப்புத் தரம் காட்டும் எம்.சி. முத்திரை இல்லாமல் பொம்மை விற்கக் கூடாது என்றீர்கள். பிள்ளை பொம்மையை வாயில் வைக்கும் என்று சரியாகவே யோசித்தீர்கள். அதே பிள்ளை ஒரு நாளைக்கு மூன்று வேளை சட்டியிலிருந்து வந்ததை வாயில் வைக்கிறது. ஏர் ஃபிரையரிலும் மின்சாரம் தாக்கக் கூடாது என்று எரிசக்தி ஆணையம் பார்த்துக்கொள்கிறது. உடனே கொல்லக்கூடியதற்குக் காவல் உண்டு, மெல்லக் கொல்லக்கூடியது வரிசையில் நிற்கட்டும் போலும்.

அப்படியானால் எண்ணெய் மானியத்தை எடுத்துவிடச் சொல்கிறாயா என்று கேட்கலாம். இல்லை. 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில், பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு காலம் தள்ளும் தோட்டத்து வீட்டிலிருந்து அந்தப் பாக்கெட்டைப் பிடுங்கினால், அவர்கள் காய்கறிக்கு மாற மாட்டார்கள். பழைய எண்ணெயை இன்னும் நான்கு முறை காய்ச்சுவார்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயை உண்ட எலிகளுக்கு இரத்த அழுத்தம் ஏறியதை மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். மலிவான எண்ணெய் புது எண்ணெயாகவாவது இருக்கிறது என்பது தங்கள் பாக்கெட்டுக்கு நான் தரும் நற்சான்று. ஏர் ஃபிரையருக்கே மானியம் கொடுத்துவிட்டால் என்ன என்று ஊக்கமுள்ள அதிகாரி யாராவது குறிப்பு எழுதலாம். தயவுசெய்து வேண்டாம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு தடவையாகப் போட்டெடுக்க வேண்டிய, சில ஆண்டுகளில் குப்பைக்குப் போகும் பெட்டியைவிட, அதே பணத்துக்கு ஓர் இரும்புச் சட்டியும் ஒரு தோசைக்கல்லும் வரும். வலைபோட்டுத் தேடினால் ஒரு சின்ன குக்கரும் சேரும்.

ஆகவே வேண்டுவது சிறிதுதான். சமையல் பாத்திரத்தின் அடியில் இன்ன உலோகம், இன்ன கலவை என்று பொறிக்க வேண்டும். காரீய அளவுக்கு ஒரு வரம்பும் அதைச் சோதிக்க ஓர் ஆளும் வேண்டும். தாங்கள் நடத்தும் ரஹ்மா மலிவு விற்பனையில் கோழி, முட்டைக்குப் பக்கத்தில் இரும்புச் சட்டிக்கும் பிரஷர் குக்கருக்கும் ஒரு மேசை போட வேண்டும். பணம் எங்கே என்று கேட்டால், ஆறு கோடி பாக்கெட்டில் பாக்கெட்டுக்கு ஒரு காசு வீதம் மாதம் ஆறு லட்சம் வெள்ளி. சட்டி 60 வெள்ளி என்றாலும் மாதம் பத்தாயிரம் வீடுகளுக்கு வரும். சுமார் நாற்பதாயிரம் பேர் வாழும் கேமரன் மலை மாவட்டத்தின் பெரும்பகுதி முதல் மாதத்திலேயே முடிந்துவிடும். 2 வெள்ளி 51 காசு என்றால் மக்கள் கொதிப்பார்கள் என்று அஞ்ச வேண்டாம். 2008 ஏப்ரல் முதல் கடைக் கணக்கை ஐந்து காசுக்கு முழுமையாக்கச் சொல்லியிருப்பதால், ஒரு பாக்கெட் மட்டும் வாங்குபவர் கல்லாவில் கட்டப்போவது அதே 2 வெள்ளி 50 காசுதான். விட்டுப்போன அந்த ஒரு காசை யாரிடம் வாங்குவது என்பதைத் தங்கள் கணக்குப் பிரிவு பார்த்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
பாக்கெட் எண்ணெய் வாங்கும் ஒரு பயனீட்டாளர்,
ரிங்லெட், பகாங்