மைனருக்கு வயது 72

திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் உங்களை ஒருவர் 'அண்ணே' என்று கூப்பிட்டால் சாமானை எடுத்துக்கொண்டு காசை அறுப்புக்குப் பிறகு கொடுக்கலாம். 'சார்' என்று கூப்பிட்டால் கையில் பணம் இருக்க வேண்டும். சென்னையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்களுக்கு இந்தப் பட்டம் முதல் நாளே கிடைத்துவிடும். ஒரு மூட்டை யூரியாவைக் கடனில் கேட்கும் வரை அது மரியாதை மாதிரியேதான் இருக்கும்.

இந்தச் சொல் எங்கள் பக்கத்துக்கு முதலில் வந்தபோது இத்தனை மலிவாக வரவில்லை. பக்கத்துப் பழமார்நேரியில் 1864-இல் பிறந்த பி.எஸ். சிவசாமி அய்யர் வக்கீலாகி, சென்னை மாகாண அட்வகேட் ஜெனரலாகி, சி.ஐ.இ. என்றும் சி.எஸ்.ஐ. என்றும் படிப்படியாக ஏறி, 1915-இல்தான் 'சர்' ஆனார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அப்புறம் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் துணைவேந்தராக இருந்தார். இவ்வளவு பாடுபட்டு ஒருவர் வாங்கிய 'சர்' என்ற சொல்லுக்கு யாரோ ஒரு துணைக்காலைக் கொடுத்துவிட்டார்கள். கால் முளைத்ததும் அது பூதலூர் பஸ்ஸில் ஏறிவிட்டது. இப்போது கண்டக்டர் பயணியை 'சார்' என்கிறார். பயணி கண்டக்டரை 'சார், சில்லறை' என்கிறார். படியில் தொங்குகிற பையனும் சார்தான், 'உள்ளே வாங்க சார்' என்று திட்டும்போது மட்டும்.

எங்கள் ஊர் மேல்நிலைப்பள்ளிக்கு அவர் பெயர்தான். பலகையில் ஒரு 'சர்', வகுப்புக்கு நாற்பது 'சார்'. மயிலாப்பூரில் இன்னொரு பள்ளி அவர் மனைவியின் பெயரைத் தாங்கி, 'லேடி சிவசாமி அய்யர்' என்றே நிற்கிறது. வீட்டுக்காரர் சர் ஆனால் வீட்டுக்கார அம்மாள் கேட்காமலே லேடி. வெள்ளைக்காரன் மரியாதையில் நான் மெச்சுகிற ஒரே இடம் இது. நம்மூரில் தாசில்தார் சம்சாரத்துக்கு 'தாசில்தாரம்மா' என்று ஊர்தான் பட்டம் கட்ட வேண்டும்.

'சர்' எட்டாதவர்களுக்கு ராவ் சாகிப் இருந்தது. அதற்கு மேலே ராவ் பகதூர், அதற்கும் மேலே திவான் பகதூர். ரயிலில் மூன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு மாதிரி. முஸ்லிம் பிரமுகர்களுக்குக் கான் சாகிப், கான் பகதூர் என்று தனிப் பெட்டி. சிலர் நடுவழியில் இறங்கியும் இருக்கிறார்கள். ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பிறகு 1919-இல் தாகூர் தன் 'சர்' வேண்டாம் என்றார். அவருக்கு முன்பே எஸ். சுப்பிரமணிய அய்யர் 'சர்', 'திவான் பகதூர்' இரண்டையும் துறந்திருந்தார். வாங்கியபோது வந்த பெயரைவிட விட்டபோது வந்த பெயர் பெரிது. இந்தச் சுலப வழி கண்ணெதிரே இருந்தும் மற்ற பகதூர்கள் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1950-இல் வந்த அரசியல் சட்டம் தன் 18-ஆவது பிரிவில், படிப்புக்கும் ராணுவத்துக்கும் உரிய பட்டங்களைத் தவிர வேறெதையும் அரசு வழங்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. படிப்புப் பட்டம் தப்பித்ததால் கல்யாணப் பத்திரிகைகள் பிழைத்தன.

ஆனால் எந்த ராஜாவும் கொடுக்காமல், எந்தச் சட்டமும் பறிக்க முடியாமல், எங்கள் பக்கத்தில் வாழ்கிற இங்கிலீஷ் பட்டம் ஒன்று உண்டு. 'மைனர்.' 1875-ஆம் வருஷத்துச் சட்டப்படி சாதாரண ஆளுக்கு 18 வயதில் மைனர் பருவம் முடிந்துவிடும். சொத்து கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் பொறுப்பில் இருந்த ஜமீன் வாரிசுக்கு அப்போது 21. அதாவது, சொத்து பெரிதாக இருந்தால் புத்தி வர மூன்று வருஷம் தாமதமாகும் என்று சர்க்காரே கணக்குப் போட்டிருந்தது. எங்கள் ஊர் அந்தக் கணக்கையும் நம்பவில்லை. சில்க் ஜிப்பாவும் கழுத்தில் செயினும் போட்டவர் சாகும் வரை மைனர்தான் என்று தீர்த்துவிட்டது.

எனக்கு ஒன்றுவிட்ட பெரியப்பா ஒருவர் அப்படி. 72 வயது, முழங்கால் வலி, இன்னும் மைனர். ஒரு நிலத் தகராறில் சாட்சி சொல்லப் போன எங்கள் பண்ணையாள், "மைனர்தாங்க பத்திரத்துல கையெழுத்துப் போட்டாங்க" என்று அடித்துச் சொன்னார். எதிர்க்கட்சி வக்கீல் துள்ளி எழுந்தார். மைனர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1903-லேயே தீர்த்த விஷயம். பெரியப்பாவைக் கூண்டில் ஏற்றி வழுக்கையைக் காட்டிய பிறகுதான் கேஸ் நகர்ந்தது.

இதையெல்லாம் 'பிரஸ்டீஜ்' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடலாம் என்பார் பெரியப்பா. 1970-இல் 'வியட்நாம் வீடு' வந்ததிலிருந்து அவருக்கு சிவாஜியின் பிரஸ்டீஜ் பத்மநாபன்தான் குலதெய்வம். பெரியம்மாவுக்கு அதே பெயரில் குக்கர். இரண்டுமே சூடானால் சத்தம் போடும். குக்கர் மூன்று விசிலோடு நிறுத்திக்கொள்ளும். அந்தச் சொல்லின் லத்தீன் மூலத்துக்குக் கண்கட்டு வித்தை என்று பொருள். ஆங்கிலத்திலும் ஆதியில் ஏமாற்று வேலையைத்தான் குறித்தது. இதை ஒருநாள் பெரியப்பாவிடம் சொன்னேன். "அப்ப வெள்ளைக்காரன் தெரிஞ்சுதான் வச்சிருக்கான்" என்றார்.

போன தை மாதம் அவர் பேத்தி கல்யாணம். பத்திரிகை எழுதும் வேலை என் தலையில். பெண்ணின் அப்பா ஓர் அறுவடை மெஷினை வாடகைக்கு விடுகிறவர். 'தொழிலதிபர்' என்று போடச் சொன்னார். சம்பந்தி வீட்டிலிருந்து வந்த தாளில் ஒரு எம்.பி.ஏ.வும் இரண்டு பி.இ.யும், அப்புறம் 'லேட் மிராசுதார்' என்று ஒரு தாத்தாவும். மிராசு தாத்தாவுக்கு முன்பே காலமாகிவிட்டது. 1961-இல் நில உச்சவரம்பு 30 தர ஏக்கர் என்றார்கள். 1970-இல் 15 ஆனது. எங்கள் கணக்கில் இரண்டேகால் வேலி. அந்த இரண்டேகால் வேலியையும் பிள்ளைகள் பங்கு பிரித்துக்கொண்டு, மிராசுதாரை மட்டும் பங்கு போடாமல் ஆளுக்கொன்று வைத்துக்கொண்டார்கள்.

அச்சாபீஸில் புரூஃப் பார்த்தோம். பெரியப்பா பெயருக்கு முன்னால் 'மைனர்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பையன் தயங்கினான். "பத்திரிகையில மைனர்னு இருந்தா மண்டபத்துல பொண்ணோட வயசு சர்டிபிகேட் கேப்பாங்கண்ணே" என்றான்.

"கேட்டா கேக்கட்டும்" என்றார் பெரியப்பா. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு சம்பந்தி பக்கத்தை இன்னொரு தடவை படித்தார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "அவங்க தாத்தாவுக்கு முன்னாடி இங்கிலீஷ்ல எதோ போட்டிருக்கு பாரு, நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு அத மட்டும் போட்டுடாதடா."