காரவள்ளி ஊறல்: ஒரு கண்ணாடித் தொட்டி ஆராய்ச்சி

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் காரவள்ளியில் எண்ணத் தொடங்கி, 70 கொண்டை ஊசி வளைவும் முடிந்த பிறகே வாயை மூடுவார்கள். வளைவுகளை இப்படி எண்ணித் தீர்த்த சான்றோர், முதல் வளைவுக்கும் கீழே என் திண்ணையில் இருக்கும் இரண்டடி மீன் தொட்டியைக் கண்டுகொள்ளவில்லை. அப்பெருங்குறையைக் களையவே இவ்வாய்வு.

ஆய்வுப் பொருள்: காசு கொடுத்து வாங்கிய ரோட்டாலா என்னும் செடி, சிவக்க வேண்டியது, வெளிறி நிற்பது ஏன்?

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. டீ போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படியும். சோப்பு நுரைக்க மனமில்லாமல் நுரைக்கும். சோதனைச் சொட்டு மருந்தில் கார்பனேட் கடினத்தன்மை 12 டிகிரி, பிஎச் 8. தொட்டிக்காரர்களின் சூத்திரம் ஒன்று உண்டு: கடினத்தன்மையை மூன்றால் பெருக்கு, பிஎச் ஏழுக்கு மேல் ஒன்று ஏறினால் பத்தால் வகு. ஆக, லிட்டருக்கு 3.6 மில்லிகிராம் கரியமிலவாயு. செடி கேட்பதோ 30. பந்தியில் உட்கார்ந்தவனுக்கு ஊறுகாய் மட்டும் வைத்த கதை.

சிலிண்டர் வாங்க வசதியில்லாத ஆய்வாளர், இரண்டு லிட்டர் பாட்டிலில் நாட்டுச் சர்க்கரையைக் கரைத்து, ஈஸ்ட் தூவி, மூடியில் துளையிட்டு, குளுக்கோஸ் ஏற்றும் குழாயைச் சொருகினார். மறுநாளே குமிழி. மூன்றாம் நாள் பிஎச் 7.1, அதாவது ஏறக்குறைய 29 மில்லிகிராம். ரோட்டாலா இலை நுனியில் ஆக்சிஜன் முத்து முத்தாகக் கோத்து நின்றதைப் பார்க்க, வேலைக்குக் கூடப் போகவில்லை.

இங்கே மறுப்புரை எழுந்தது. எதிர்வீட்டுப் பெரியவர் பாட்டிலை முகர்ந்து பார்த்துவிட்டு, “ஏந்தம்பி, ஊறல் போட்டு எத்தன நாளாச்சு?” என்றார். செடிக்கு வாயு என்று விளக்கினேன். “அது சரி, காய்ச்சறது எப்போ?” என்றார். ரசாயனப்படியும் அவரை மறுக்க முடியவில்லை. 180 கிராம் குளுக்கோஸ் புளித்தால் வாயு 88 கிராம், சாராயம் 92 கிராம். நான்கு கிராம் வித்தியாசத்தில் பெரியவர் கட்சியே ஜெயிக்கிறது.

இன்னொரு சிக்கல், ஈஸ்டுக்கு இராப்பகல் தெரியாது. இருட்டில் செடி வாயுவை உண்ணாமல் தானும் மூச்சு விடுகிறது. விடியற்காலையில் கப்பி மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன. மலைமேல் அறப்பளீஸ்வரர், அறுத்துச் சமைத்த மீனையே பொருத்தித் துள்ளவிட்டார் என்பது ஐதீகம். அடிவாரத்தில் அந்த வசதி கிடையாது. ஆகவே இரவில் குழாயை மடக்கிக் கிளிப் போட்டேன். கற்றவர் யாரும் செய்யாத காரியம். நடுநிசியில் மூடி தெறித்து, சர்க்கரைக் கூழ் விட்டத்தில் அப்பி, தெருவே மணத்தது. “ஏங்க, நாளைக்கு யார் மூஞ்சில முழிக்கறது?” என்றாள் மனைவி.

ஏரியிலிருந்து சும்மா பிடுங்கி வந்த வேலம்பாசி, அதே தொட்டியின் மூலையில் முதல் நாளிலிருந்தே தழைத்துக் கிடந்தது. உப்புத் தண்ணீரின் பைகார்பனேட்டிலிருந்தே தனக்கு வேண்டிய கரியை எடுத்துக்கொள்ளும் சாதி அது. இந்த உண்மையை ஆய்வின் தொடக்கத்திலேயே குறிப்பிட்டிருக்கலாம். ஆனால் கட்டுரை ஏது?

பெரியவர் நேற்றும் வந்தார். கையில் சொம்பு.