இலையைப் பார்க்காமல் ஊற்றிய கெட்ஸ்

கணினி உலகின் சாமி படங்கள் இரண்டு: கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி. யூனிக்ஸும் சி மொழியும் தந்த மகான்கள். ஆனால் எண்ணி வைப்பதென்றால் இருவருக்கும் சோம்பல்! பழைய பிசிபிஎல் மொழி, ஒரு ஸ்டிரிங்கின் (எழுத்துச் சரத்தின்) தலையிலேயே அதன் நீளத்தை எழுதி வைத்தது. அந்தக் கணக்கைப் பராமரிப்பது தொல்லையாம். அதனால் இவர்கள் ஸ்டிரிங்கின் வாலில் ஒரு அடையாளத்தைப் போட்டார்கள். சி-யில் அது பூஜ்யம். அது வரும்வரை படித்துக்கொண்டே போகலாம். வராவிட்டால்? போய்க்கொண்டே இருக்கலாம்!

இந்தக் குடும்பத்துச் செல்லப்பிள்ளை, ஒரு வரியை வாங்கிப் போடும் கெட்ஸ் என்ற ஃபங்ஷன். எவ்வளவு இடம் இருக்கிறது என்று வாய் திறந்து கேட்காது. பந்தியில் இலையையே பார்க்காமல் சாம்பார் ஊற்றுகிறவரைப் பார்த்திருப்பீர்களே, அவரேதான்.

1988 நவம்பர் 2. ராபர்ட் டாப்பன் மாரிஸ் என்ற கார்னெல் மாணவர் ஒரு கணினிப் புழுவை அவிழ்த்துவிட்டார். அது நுழைந்த வழிகளில் ஒன்று, ஃபிங்கர் சர்வரில் 512 பைட் இடமுள்ள பஃபர். புழு அதற்குமேல் அனுப்பியது. கெட்ஸ் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டது. இன்டர்நெட்டின் ஒரு பகுதி படுத்துவிட்டது. பையனின் அப்பா யார் என்கிறீர்கள்? பெல் லேப்ஸில் யூனிக்ஸ் பாஸ்வேர்டுக்குப் பூட்டு செய்தவர், அப்போது என்.எஸ்.ஏ.வில் கணினிப் பாதுகாப்பு விஞ்ஞானி!

இதற்குப் பிறகாவது கெட்ஸைத் துரத்தியிருப்பார்களா? அடுத்த ஆண்டே சி மொழிக்கு ஆன்சி தரநிலை வந்தது. அதில் கெட்ஸ் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. எழுப்பி அனுப்ப 2011 ஆயிற்று.

சரி, ஸ்டிரிங்கைக் காப்பி செய்யும்போதாவது, இட அளவைக் கேட்டு வாங்கும் ஸ்டிர்-என்-காப்பி பத்திரமானது என்று ஒரு தலைமுறையே நம்பியது. பாவம், அது பிறந்தது யூனிக்ஸின் 14 எழுத்துக் கோப்புப் பெயர்களுக்காக. இடம் மிஞ்சினால் பூஜ்யமாய்க் கொட்டி நிரப்பும். இடம் நிறைந்துவிட்டால் ஒரு பூஜ்யம்கூட வைக்காது!

1998-ல் ஓப்பன்பிஎஸ்டிக்காரர்கள் டாட் மில்லரும் தியோ டி ராட்டும் ஸ்டிர்-எல்-காப்பி எழுதினார்கள். கடைசிப் பூஜ்யத்துக்கு அது உத்தரவாதம். முழுசாக எழுதினாலும் ஒரு பக்கம் வராது. லினக்ஸ் உலகின் ஜிலிப்சி நூலகத்தை ஆண்ட உல்ரிச் டிரெப்பர் அதற்குக் கதவைச் சாத்தினார். ஒழுங்கான புரோகிராமருக்குத் தன் ஸ்டிரிங்கின் நீளம் தெரிந்திருக்கும் என்பது அவர் கட்சி. யார் அந்த ஒழுங்கானவர்? அவரவர் கண்ணாடியில் அவரவருக்குத் தெரிந்தார்! மற்ற எல்லோரும் அந்தச் சின்ன ஃபங்ஷனைத் தத்தம் புராஜெக்டில் காப்பியடித்து வைத்துக்கொண்டார்கள், லினக்ஸ் கெர்னல் உட்பட.

டிரெப்பர் விலகிப் பல ஆண்டுகள் கழித்து, 2023-ல் ஜிலிப்சி 2.38 வந்தது. கால் நூற்றாண்டு வாசலில் நின்ற ஸ்டிர்-எல்-காப்பிக்கு ஒருவழியாக உள்ளே இடம் கிடைத்தது.

மறு ஆண்டே லினக்ஸ் கெர்னல் அதைத் துடைத்து வெளியே போட்டது. இப்போது அங்கே ஸ்டிர்-எஸ்-காப்பிதான் பத்திரமாம்.