கொல்லைப்புறத்துக் கொட்டகை

கேள்வி: கொல்லையில் இருக்கும் பழைய தகரக் கொட்டகை கண்ணை உறுத்துகிறது. இடிக்கவும் மனமில்லை. அழகாக்க வழி உண்டா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இடிக்காதீர்கள்! வீட்டின் பாதிச் சரித்திரம் அதற்குள்தான் கிடக்கும். கால் உடைந்த தையல் மெஷின், பேரன் ஓட்டிய நடைவண்டி, மூடி தொலைந்த தூக்குச் சட்டிகள். முதலில் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பாதி அழகு அப்போதே வந்துவிடும்.

அடுத்தது துரு. உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, ரெட் ஆக்சைடு ப்ரைமர் அடித்து, காய்ந்தபின் எனாமல் பெயின்ட் அடியுங்கள். துருவின் மேலேயே பெயின்ட் அடித்தால் ஐப்பசி மழையில் கொப்புளம் கொப்புளமாக உரிந்து வரும். கூரைக்கு வெள்ளைதான். வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே சூடு குறையும்.

சங்குப்பூக் கொடி படர்ந்தால் கொள்ளை அழகு. ஆனால் தகரத்தில் நேராக ஏற்றினால் ஈரம் தங்கி அரித்துவிடும். ஒரு சாண் தள்ளி மூங்கில் தட்டி கட்டி அதில் ஏற்றுங்கள்.

அப்புறம், ஒரு பெயர் வையுங்கள். நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா, இங்கிலாந்தில் தன் வீட்டுத் தோட்டத்துக் குடிலில்தான் உட்கார்ந்து எழுதுவார். வெயில் போகும் பக்கம் திருப்பிக்கொள்ள அடியில் சுழல்மேடை! குடிலின் பெயர் ‘லண்டன்’. வேண்டாத விருந்தாளி வந்தால், “ஐயா லண்டனில் இருக்கிறார்” என்று வேலையாட்கள் பொய் சொல்லாமலே அனுப்பிவிடலாம்.

உங்கள் கொட்டகைக்குக் ‘காசி’ பொருத்தமாக இருக்கும். பெயர்ப்பலகையை மட்டும் உள்பக்கமாக மாட்டுங்கள்.