கதவிலக்கம் பூஜ்யம்

வீடில்லாதவர் ஆதார் எடுப்பது எப்படி? முகவரிக் கட்டத்தில் பிளாட்பாரம் என்றா எழுதுவது? 2018 ஜனவரியில், வீடற்றோருக்கான இரவுக் காப்பக வழக்கில், உச்ச நீதிமன்றத்துக்கே இந்தச் சந்தேகம் வந்தது. கார்டு இல்லாதவர்கள் அரசின் கணக்கில் ஆட்களே இல்லையா என்றும் கேட்டது. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடில்லாதவர்கள் சுமார் 17.7 லட்சம் பேர். எண்ணும்போது இருப்பவர்கள், கொடுக்கும்போது இல்லாமல் போய்விடுகிறார்கள்.

தேர்தல் ஆணையம் கொஞ்சம் தாராளம். வீடில்லாதவர் வாக்காளர் பட்டியலில் சேர விண்ணப்பித்தால், சொன்ன இடத்தில் ஆள் தூங்குகிறாரா என்று வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் வந்து பார்ப்பார். ஒரு ராத்திரி போதாது, மறுபடியும் வருவார். தூக்கம் உறுதியானால் முகவரிச் சான்று வேண்டாம். சிக்கல் என்னவென்றால், அதே நேரத்துக்கு லத்தியோடு இன்னொருவர் வந்து, “இங்கெல்லாம் படுக்கக் கூடாது, எழுந்திரு” என்பார். தூங்கினால் குற்றம், தூங்காவிட்டால் ஓட்டு இல்லை.

வாக்காளர் பட்டியலில் வீடற்றோருக்குக் கதவிலக்கம் பூஜ்யம் என்று 2025 ஆகஸ்டில் தலைமைத் தேர்தல் ஆணையரே விளக்கினார். ஆக, வீடு கிடைக்காவிட்டாலும் வீட்டு எண் கிடைத்துவிட்டது. இனி சொத்துவரி பாக்கி நோட்டீஸ் வரவேண்டியதுதான் மிச்சம்.