இலை வளையத்துக்குள் ஓர் இயக்குநர்

குறும்படப் போஸ்டர்களில் இப்போது முதலில் கண்ணில் படுவது படத்தின் பெயரும் அல்ல, நடிகரின் முகமும் அல்ல, இலைகள். இரண்டு கிளைகள் எதிரெதிரே வளைந்து நிற்க, நடுவில் பூதக்கண்ணாடி வைத்தால்தான் படிக்க முடிகிற எழுத்தில் ஒரு விழாவின் பெயரும் ஆண்டும் இருக்கும். முதல் மாதம் நாயகனின் தலைக்கு மேலே இருக்கும் வானத்தில் மூன்று வளையங்கள் இடம்பிடிக்கின்றன. அடுத்த மாதம் வானம் நிறைந்துவிடுகிறது. பிறகு நெற்றி, தோள்பட்டை என்று இறங்கி, ஆண்டு முடிவதற்குள் நாயகன் புதருக்குள் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்ப்பவனாகிவிடுகிறான். இந்தப் புதரை நட்டு நீரூற்றி வளர்ப்பவரே ‘பல சர்வதேச விருதுகளை வென்ற இயக்குநர்’. சாலிகிராமத்திலோ வளசரவாக்கத்திலோ நாலு பேரோடு ஓர் அறையில் இருப்பார். கைவசம் பதினெட்டு நிமிடப் படம் ஒன்று உண்டு. அதில் ‘எ ஃபிலிம் பை’ என்ற எழுத்து வந்து நின்று மறைவதற்கே இரண்டு நிமிடம் ஆகும். கதை, திரைக்கதை, வசனம், படத்தொகுப்பு, இயக்கம் எல்லாம் அவரே. பணம் போட்டது அப்பா. டைட்டிலில் அவர் ‘நன்றி’ பட்டியலில், டீக்கடைக்காரருக்கு அடுத்து வருவார்.

இலைகள் வந்து சேரும் வழியில் ரகசியம் ஏதும் இல்லை. 2008இல் கேனன் 5டி மார்க் 2 வந்தபோது, ஸ்டில் கேமராவிலேயே சினிமாச் சாயலில் படம்பிடிக்க வழி பிறந்தது; எடுப்பது மலிவாயிற்று. எடுத்ததை டிவிடியில் ஏற்றி, உறையில் போட்டு, வெளிநாட்டுக்குத் தபாலில் அனுப்பும் சிரமம் மட்டும் பாக்கி இருந்தது. 2014இல் கனடாவில் தொடங்கிய ஃபிலிம்ஃப்ரீவே போன்ற தளங்கள் அதையும் தீர்த்துவைத்தன. படத்தை ஒருமுறை ஏற்றிவிட்டால் போதும், கார்டைத் தட்டத் தட்ட ஊர் ஊராகக் கதவு திறக்கும். அந்த ஒரே அலமாரியில் அரை நூற்றாண்டு வயதான விழாக்களும் இருக்கின்றன, மாதாமாதம் நடக்கும் விழாக்களும் இருக்கின்றன. மாதாந்திர விழாக்களில் பலவற்றுக்கு அரங்கு கிடையாது, நாற்காலி கிடையாது, புரொஜெக்டர் கிடையாது. ஒரு லோகோவும் கட்டணப் பட்டியலும் உண்டு. சிறந்த குறும்படம், சிறந்த அறிமுக இயக்குநர், சிறந்த ஆசியக் குறும்படம், சிறந்த மொபைல் படம், சிறந்த போஸ்டர் என்று பிரிவுகள் பெருகிக்கொண்டே போகும், பிரிவுக்கொரு தொகை. சீக்கிரம் கட்டினால் ஒரு விலை, உரிய நேரத்தில் ஒரு விலை, தாமதமானால் கூடுதல் விலை. அதன் பிறகும் ‘நீட்டிக்கப்பட்ட கடைசித் தேதி’ ஒன்று, எல்லாவற்றிலும் அதிக விலைக்கு, காத்திருக்கும். வென்றவருக்குச் சான்றிதழ் மின்னஞ்சலில் இலவசமாக வரும். கோப்பை வேண்டுமென்றால் தனிக் காசு, அனுப்பும் செலவு தனி. ‘ஐஎம்டிபி தகுதி பெற்ற விழா’ என்று சில விழாக்கள் மார்தட்டும்; ஏதோ ஆஸ்கருக்கு அடுத்த படி போல ஒலிக்கும் அதன் பொருள், படத்தின் பெயரை அந்தத் தளத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்பதுதான். புறத்திணை மரபில் தும்பை சூடிப் பொருதவன்தான் வாகை சூடினான். இங்கே இரண்டு பூவுக்கும் சேர்த்து ஒரே கட்டணம்.

சராசரியாக ஒரு விழாவுக்கு 20 டாலர், முப்பது விழா என்று கணக்கு வைத்தால் 600 டாலர். நம் பணத்தில் ஏறக்குறைய 50,000 ரூபாய். இதைக் கேட்டதும் ‘நன்றாக ஏமாந்தார்’ என்று சிரிப்பது எளிது. ஆனால் ஏமாந்தவருக்குத் தான் ஏமாந்தது தெரியாமல் இருக்க வேண்டும். நம் இயக்குநருக்கு எல்லாம் தெரியும். கடவுச்சொல் போட்டு விமியோவில் வைத்திருக்கும் படத்தை எந்த நாட்டில் எத்தனை முறை பார்த்தார்கள் என்று அவரால் எண்ணிப் பார்க்க முடியும், எண்ணுகிறார். ஐரோப்பிய நகரம் ஒன்றிலிருந்து ‘உங்கள் படம் எங்கள் நடுவர் குழுவை உலுக்கிவிட்டது’ என்று கடிதம் வருகிறது. அந்த நாட்டுக்கு நேரே பார்வை எண்ணிக்கை பூஜ்யம் என்று இருக்கிறது. உலுக்கப்பட்டவர்கள் படத்தைத் திறக்காமலே உலுக்கப்பட்டிருக்கிறார்கள். அவர் ஒரு நிமிடம் யோசிக்கிறார். பிறகு இலை வளையத்தைப் பதிவிறக்கிப் போஸ்டரில் ஒட்டுகிறார். தெரிந்தே செய்கிறவருக்கு வேறு ஏதோ ஆதாயம் இருந்தாக வேண்டும்.

அந்த ஆதாயம் சினிமாவில் கிடைப்பதல்ல. கோடம்பாக்கத்தில் தயாரிப்பாளரிடம் கதை சொல்லப் போகும் புதியவரிடம் கேட்பார்கள்: ஒன்லைன் என்ன, ஹீரோ யார், எத்தனை நாள் ஷூட்டிங், எவ்வளவு ஆகும்? எத்தனை இலை என்று கேட்பதில்லை. ‘நாளைய இயக்குநர் மட்டும் என்னவாம், குறும்படம்தானே அவர்களைச் சினிமாவுக்குக் கொண்டுவந்தது?’ என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. 2009இல் கலைஞர் தொலைக்காட்சியில் தொடங்கிய அந்நிகழ்ச்சியிலிருந்து கார்த்திக் சுப்பராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன் முதலியோர் வந்தார்கள். ‘காதலில் சொதப்புவது எப்படி’, ‘முண்டாசுப்பட்டி’ இரண்டும் குறும்படமாக இருந்து முழுநீளப் படமானவை. ஆனால் அவர்களைத் தூக்கிவிட்டது பரிசல்ல, படம் பார்க்கப்பட்டது. வாராவாரம் வீட்டுக் கூடத்தில் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்தவர்கள் பார்த்தார்கள். நடுவர்களாக இருந்த கார்ட்டூனிஸ்ட் மதனும் நடிகர் பிரதாப் போத்தனும் எல்லார் எதிரிலும் குறை சொன்னார்கள். தயாரிப்பாளர்களும் அதே டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்த வாரம் யாருக்கு எந்தப் பரிசு என்பது இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? படங்கள் நினைவிருக்கின்றன. நம் இயக்குநரின் கணக்கோ நேர் தலைகீழ்: பரிசுப் பட்டியல் மனப்பாடம், படம் கடவுச்சொல்லுக்குள்.

அப்படியானால் இலை யாருக்காக? வீட்டுக்காக. ஊரில் அவருடைய தந்தையிடம் ‘பையன் மெட்ராஸ்ல என்ன பண்றான்?’ என்ற கேள்வியை வாரத்துக்கு நாலு பேர் கேட்கிறார்கள். ‘உதவி இயக்குநருக்கு முயற்சி பண்றான்’ என்ற பதில் முதல் வருஷம் செல்லும். மூன்றாம் வருஷம் கேட்பவரே பரிதாபப்பட்டுப் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவார். இந்தக் கட்டத்தில்தான் இத்தாலியிலிருந்து சான்றிதழ் வருகிறது. மாவட்டப் பக்கத்தில் ‘நம் ஊர் இளைஞரின் குறும்படத்துக்குச் சர்வதேச விருது’ என்று மூன்று பத்திச் செய்தி வருகிறது. சித்தப்பா மகன் பஸ் ஸ்டாண்டில் ஃபிளெக்ஸ் வைக்கிறான். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பொன்னாடை போர்த்துகிறார்கள். ‘தம்பிக்கு வெளிநாட்டுல பரிசு குடுத்திருக்காங்க’ என்று அம்மா சொல்லும்போது, எதிரே நிற்கும் பெரியம்மாவின் பொறியாளர் மகன் ஒரு படி கீழே இறங்குகிறான். காசு கட்டி வரவழைத்த கோப்பை ஷோகேஸில் நுழைகிறது; எட்டாம் வகுப்புக் கட்டுரைப் போட்டி ஷீல்டு பின்வரிசைக்குப் போகிறது. கல்யாணத் தரகர்கூட ‘சினிமாவுல இருக்காப்ல’ என்பதை விட்டுவிட்டு ‘டைரக்டர்’ என்கிறார். 50,000 ரூபாய்க்கு இன்னும் ஓராண்டு அவகாசம், வீட்டில் சோறு, முகத்தில் கொஞ்சம் வெளிச்சம். வேறெந்தப் படிப்பும் இந்தத் தொகைக்கு இவ்வளவு தருவதில்லை. ஆகவே இது ஏமாற்று வியாபாரம் என்பதைவிட, பண்டமும் விலையும் இருதரப்புக்கும் தெரிந்த வியாபாரம் என்பதே சரி. சான்றிதழில் கையெழுத்திட்டவர் படத்தைப் பார்க்கவில்லை. அதைப் படிக்கும் பெரியப்பாவும் பார்க்கப்போவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் நடுவரும் உறவினரும் சமம்.

‘அப்பாவின் பணத்தில் அப்பாவையே ஏமாற்றுவது என்று இதற்குப் பெயர்’ என்பார் கறாரான வாசகர். பாதி ஒப்புக்கொள்ளலாம். ஆனால் பெரிய விழாக்கள் மட்டும் எளிய வாசலா வைத்திருக்கின்றன? கான் விழாவின் குறும்படப் போட்டிக்கு அண்மை ஆண்டுகளில் 4,000க்கும் மேற்பட்ட படங்கள் வருகின்றன. தேர்வாவது பத்துப் பதினொன்று. 1979இலிருந்து நடக்கும் பிரான்ஸின் கிளெர்மோன்ஃபெரான் விழாவும் இப்படித்தான் நிரம்பி வழிகிறது. மதிப்புள்ள விழாக்கள் பலவும் கட்டணம் வாங்கத்தான் செய்கின்றன. மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு ‘இந்த ஆண்டு அபாரமான படங்கள் குவிந்ததால்’ என்று தொடங்கும் அச்சுக்கடிதம் வருகிறது. மாதாந்திர விழா பத்து நாளில் பதில் போடுகிறது, அதுவும் பாராட்டி. தவிர, பெருமையைக் கொஞ்சம் இழுத்துப் போர்த்திக்கொள்ளும் வழக்கத்தைச் சின்ன விழாக்கள் கண்டுபிடிக்கவும் இல்லை. கானிலேயே, போட்டிக்கு வெளியே, சந்தையின் பகுதியாகக் ‘குறும்பட மூலை’ என்று ஒன்று இருந்தது. கட்டணம் கட்டிப் பதிவு செய்த படங்களை அங்கே கணினியில் வைத்திருப்பார்கள். விரும்புகிறவர் தேடிப் பார்க்கலாம். அதற்குப் போய்வந்து ‘கானில் திரையிடப்பட்டது’ என்று எழுதிக்கொண்டவர்கள் உலகெங்கும் உண்டு, கோடம்பாக்கத்தை மட்டும் குறைசொல்ல இடமில்லை.

எனக்கு அவரோடு உள்ள சண்டை பணத்தைப் பற்றியதோ, பொய்யைப் பற்றியதோ அல்ல. படத்தை அவர் ஒளித்துவைத்திருக்கிறார், அதுதான் சண்டை. ‘ஃபெஸ்டிவல் ரவுண்ட் முடியட்டும், யூடியூபில் போட்டால் பிரீமியர் போய்விடும்’ என்று இரண்டு வருஷமாகச் சொல்கிறார். சில பெரிய விழாக்களுக்கு அப்படியொரு நிபந்தனை உண்டுதான். ஆனால் முப்பது மாதாந்திர விழாவில் பரிசு வாங்கிய படத்துக்கு எந்தக் கன்னித்தன்மை மிச்சமிருக்கிறது? படத்தில் நாயகனாக நடித்த நண்பன் வேலை கிடைத்துப் புனேவுக்குப் போய்விட்டான். அவனே இன்னும் முழுப்படம் பார்க்கவில்லை. இத்தனைக்கும் படத்தைத் திரையில் போட்டுக் காட்டுகிற இடங்கள் இல்லாமல் இல்லை. மும்பை ஆவண, குறும்பட விழா 1990இலிருந்து நடக்கிறது. திருவனந்தபுரத்தில் கேரளச் சலச்சித்திர அகாதமி 2008இல் தொடங்கிய விழாவில், தெரியாத ஊர்க் குறும்படத்துக்கும் வரிசையில் நின்று இடம்பிடிக்கிறார்கள். பெங்களூர் குறும்பட விழாவின் பரிசு ஆஸ்கர் தகுதிப் பட்டியலில் இருக்கிறது. தமிழ் ஸ்டுடியோ என்ற அமைப்பு, படத்தொகுப்பாளர் பீ. லெனின் பெயரில் விருது கொடுத்தது, குறும்படங்களைத் திரையிட்டுப் பேசவும் வைத்தது. மாவட்டங்களில் இலக்கிய அமைப்புகளும் கல்லூரிகளும் கல்யாண மண்டபத்தையோ வகுப்பறையையோ இருட்டாக்கி, டீயும் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படம் காட்டுகின்றன. அங்கே அழ வேண்டிய இடத்தில் சிரிப்பார்கள். ஏழாம் நிமிடத்தில் ஒருவர் எழுந்து வெளியே போவார், அவர் பின்னாலேயே இருவர் போவார்கள். படம் முடிந்ததும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மைக்கைப் பிடித்து, கதையில் அந்தப் பெண் ஏன் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று கேட்டு உட்காராமல் நிற்பார். சங்கடமான பத்து நிமிடம்தான், ஆனால் அடுத்த படத்தின் திரைக்கதையில் மூன்று பக்கம் அந்தப் பத்து நிமிடத்தில் எழுதப்பட்டுவிடும். இப்படி ஒரு விழாவில் உண்மையாகவே கிடைத்த பரிசும் அவருடைய போஸ்டரில் உண்டு. விழாவின் பெயரில் ‘இன்டர்நேஷனல்’ இல்லாததால் அந்த வளையத்தைச் சின்னதாக்கி, நாயகனின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

‘பார்வையாளர் வந்தால்தானே காட்டுவது, பத்துப் பேர் உட்காரும் வகுப்பறையில் போட்டு என்ன ஆகப்போகிறது?’ என்பது அவர் தரப்பு. பத்துப் பேர் குறைவுதான். ஆனால் பூஜ்யம் காட்டிய ஐரோப்பிய நகரத்தோடு ஒப்பிட்டால் அது ஹவுஸ்ஃபுல்.

இந்தக் கதாபாத்திரத்தின் அடுத்த கட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் கார்டு எண்ணைத் தட்டும்போது அவருக்கு ஒன்று உறைக்கிறது: இந்த வியாபாரத்தில் பணம் கட்டுகிற பக்கமாகவே இத்தனை நாள் நின்றுவிட்டோம். இரண்டு மாதத்தில் சொந்த ஊரின் பெயருக்குப் பின்னால் ‘சர்வதேச’ சேர்ந்து ஒரு விழா உதயமாகிறது. நிறுவனர், விழா இயக்குநர், நடுவர் குழுத் தலைவர் மூவரும் அவரே. ‘பல சர்வதேச விருதுகளை வென்றவர்’ என்ற தகுதி இங்கேதான் முதன்முதலாக ஒரு வேலைக்கு உதவுகிறது. லோகோ தயார், நாற்பது பிரிவுகள் தயார், இலை வளையத்தின் வார்ப்புரு கையிருப்பில் ஏற்கெனவே இருக்கிறது. முதல் மாதமே பிரேசிலிலிருந்தும் ஈரானிலிருந்தும் படங்கள் வருகின்றன. ராத்திரி அறையில் மற்றவர்கள் தூங்கிய பிறகு லேப்டாப்பைத் திறந்து, முதல் படத்தின் இணைப்பைச் சொடுக்குகிறார். அது கடவுச்சொல் கேட்கிறது. கடவுச்சொல் இருக்கும் மின்னஞ்சலைத் தேட வேண்டும். படம் இருபத்தாறு நிமிடம். அவர் இணைப்பை மூடிவிட்டு, ‘உங்கள் படம் எங்கள் நடுவர் குழுவை உலுக்கிவிட்டது’ என்று தட்டத் தொடங்குகிறார்.